கோட்டைச்சாமி நடந்த நடை

ஓசூர்
9.6.2024

அன்புள்ள அக்கா செல்வலட்சுமிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். சித்தி போனுக்கு அடித்தால், "அவ பேச மாட்டேங்காப்பா, நான் என்ன செய்ய?" என்று வைத்துவிடுகிறாள். சரி, தபால்காரரையுமா பிளாக் செய்வாய் என்று பேனாவை எடுத்துவிட்டேன். பாலிடெக்னிக் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசியது தப்பு. "திங்கிறதும் ஒக்கார்றதுமா இருந்தா ஒடம்பு எப்படிக் குறையும்?" என்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எந்த வயிற்றெரிச்சலில் கேட்டேன் என்பதையும் நீ பார்க்க வேண்டும். மூன்று வருசத்துக்கு முன்னால் உன் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு டிவி உன்னைப் பற்றியே பேசுகிறது என்று அழுதாய். மதுரைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கினோம். மாத்திரை குரலை நிறுத்தியது, ஆனால் ஆளை ஊத வைத்துவிட்டது. இந்தச் சித்திரையில் டாக்டரம்மா என்ன சொன்னார்? "சுகர் வாசல்ல வந்து நிக்குது. மாத்திரையை நிறுத்தவே கூடாது, எடையைத்தான் குறைக்கணும்" என்றார். அதற்காகத்தானே உன் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, கையில் பட்டையையும் கட்டிவிட்டார்கள். சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். எவ்வளவு நடக்கிறாய் என்று பட்டை எண்ணும். திங்கட்கிழமை எடை பார்க்க வேண்டும். மாத்திரை போட்டதும் 'ஆம்' என்று அமுக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் தன் போனிலும் இதையெல்லாம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வீட்டு ஆள் நான்.

நானும் தினமும் பார்க்கிறேன். காலையில் வேலைக்குப் போனதிலிருந்து சாயங்காலம் வரை நீ ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை என்று காட்டுகிறது. இங்கே கம்பெனியில் என் லைனில் ஒரு மெஷின் அப்படி நின்றால் என் சட்டையைப் பிடித்துவிடுவார்கள். அம்மாவுக்குச் சுகரில் முதலில் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்ச் சேர்ந்தாள். நீயும் அப்படிப் போய்விடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

பதில் போடு. திட்டியாவது போடு.

தம்பி
முனியராஜ்


ஆமத்தூர்
14.6.2024

ஏலே முனியராஜு,

திட்டியாவது போடு என்றாய். இந்தா, வாங்கிக்கொள்.

ஓசூர் தண்ணீர் குடித்ததும் நம்ம ஊர் மறந்துபோச்சோ? வெடி கம்பெனிக்குள் போன் கொண்டுபோகலாமா? ஒரு பொறி போதாதா அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போக? வாட்ச்மேன் கோட்டைச்சாமி அண்ணன் கேட்டில் மரப்பெட்டியோடு நிற்பார். எல்லார் போனும் அதற்குள்தான். உன் பட்டையைப் பார்த்துவிட்டு, "இது என்ன தாயி, கடியாரமா? பேட்டரி உள்ளதெல்லாம் உள்ள ஆகாது, களட்டு" என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். சீசன் ஆரம்பித்துவிட்டது. சங்குச் சக்கரம் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு நான் வெயிலில் வேலை ரூமுக்கும் காயவைக்கிற மேடைக்கும் நடையாய் நடக்கிறேன். உன் பட்டை பெட்டிக்குள் படுத்து உறங்குகிறது. சாயங்காலம் எடுத்துக் கட்டினால், "செல்வலட்சுமி, இன்று நீங்கள் நடக்கவே இல்லையே!" என்று போன் கேட்கிறது. பொம்பளைக் குரல். தேன் ஒழுகுகிற குரல். தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வருகிறது.

அதுகூடப் பரவாயில்லை. முன்னால் என் காதில் கேட்டதும் இப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டது. நீ இதைத் தின்றாய், அங்கே போனாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை விரட்ட மாத்திரை கொடுத்தீர்கள். மாத்திரையால் உடம்பு வந்தது. உடம்பை விரட்ட இன்னொரு குரலைக் கொண்டுவந்து போனுக்குள் உட்கார வைத்திருக்கிறீர்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான் என் கதை. கூப்பிடுவது வெளியே இருந்தா, உள்ளே இருந்தா என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இது உனக்கு விளங்குமா?

பசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத்திரைப் பசி சோற்றுப் பசி இல்லை. சட்டி காலியான பிறகும் பசிக்கும். சித்தி "போதும்டி" என்று தட்டை எடுக்கும்போது எனக்கு அவமானமாக இருக்கும், அப்போதும் பசிக்கும். கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் அது ரெண்டு பேர் சீட்டாகிவிடும். நான் ஏறியதும் "லோடு ஏறிருச்சு, வண்டிய எடுங்கண்ணே!" என்று ஒருத்தன் கத்துவான். பஸ்ஸே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

குறைக்கணும் என்கிறாய், சரி. குறைத்துக் காட்டுகிறேன். ஆனால் போனில் பேசாதே, கடிதமே போடு. கடிதம் பேர் சொல்லிக் கத்தாது.

செல்வலட்சுமி


ஓசூர்
20.6.2024

அன்புள்ள அக்கா,

பெட்டி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. ஆப்பைச் செய்தவனுக்கு வெடி கம்பெனி தெரியாது, சரி. ஆமத்தூர்க்காரன் எனக்குத் தெரியாமல் போனதே! திட்டியது போதாது, இன்னும் நாலு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு யோசனை. கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஊருக்குப் பிரியும் விலக்கிலேயே இறங்கிப் பட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து வா. அந்த நடையாவது கணக்கில் ஏறட்டும். எடை மெஷின் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏறி நின்றால் போதும், தானே போனுக்குப் போய்விடும். குரலை நிறுத்த ஆப்பிலேயே வழி இருக்கிறது, தெரு முனை மொபைல் கடையில் காட்டினால் அமர்த்திக் கொடுப்பார்கள். அப்புறம் எழுத்தாக மட்டும் வரும்.

மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. தினமும் 'ஆம்' என்று வருவதைப் பார்க்கிறேன், அதில் எனக்கு நிம்மதி.

முனியராஜ்


ஆமத்தூர்
28.7.2024

முனியராஜு,

மெஷின் உனக்குச் சொல்லியிருக்குமே? நானும் என் வாயால் சொல்கிறேன். இறங்குகிறது! பழைய மஞ்சள் ரவிக்கையில் கை ஏறிவிட்டது. பசி போன இடம் தெரியவில்லை, ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறேன். பஸ்ஸில் லோடு என்று கத்தினானே, அவன் நேற்று, "என்னக்கா, எளைச்சுட்டீக? எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்கு, வைத்தியம் சொல்லுங்க" என்கிறான். நான் சொல்வேனா? முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

எடை மட்டும் இல்லைலே. தலையில் ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்த மாதிரி இருந்தது மூன்று வருசமாக. அதை யாரோ உருவி எடுத்துவிட்டார்கள். வெயில் வெயில் மாதிரி சுடுகிறது, புளி புளி மாதிரி புளிக்கிறது. ரூமில் என் எதிரே உட்கார்ந்து சக்கரம் சுற்றும் ஞானசுந்தரி, "என்னடி, வாய் ஓயாமப் பேசுத?" என்று கேட்கிறாள். நான் முன்னால் பேசவே மாட்டேனாம். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எம்புட்டு நாளாச்சு தெரியுமா இப்படி இருந்து.

போனில் தினமும் பச்சை இலை வருகிறது, 'சபாஷ் செல்வலட்சுமி' என்று வருகிறது. இப்போது அதன்மேல் கோபம் இல்லை.

அக்கா


ஓசூர்
4.8.2024

அன்புள்ள அக்கா,

சபாஷ்! நூறு தடவை சபாஷ்!

உன் எடைக்கோட்டைக் கம்பெனியில் எல்லோரிடமும் காட்டினேன். படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. எங்கள் மேனேஜர், "உங்க அக்காவை இங்க வரச் சொல்லுப்பா, நம்ம ஸ்க்ராப் கழிவையும் இப்படி இறக்கித் தரட்டும்" என்றார். நடையும் அம்புட்டு வருகிறது! நடுப்பகலில்கூட நடக்கிறதாகக் காட்டுகிறதே, கோட்டைச்சாமி அண்ணனைச் சரிக்கட்டிப் பட்டையை உள்ளே கொண்டுபோகிறாயா? எப்படியோ, நடந்தால் சரி.

சீசன் நெருக்கடியில் போன மாதச் செக்கப்புக்கு நீ மதுரை போகவில்லை என்று சித்தி சொன்னாள். எடை இப்படி இறங்கும்போது ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. தீபாவளி முடிந்து நானே வந்து கூட்டிப்போகிறேன். டாக்டரம்மா அசந்துபோக வேண்டும். அதற்குள் இன்னும் ஐந்து கிலோ. அதுதான் டார்கெட். ஆப்பிலும் அப்படியே போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

நீ ஜெயித்துவிட்டாய் அக்கா. எனக்கு அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது.

முனியராஜ்


ஆமத்தூர்
1.9.2024

ஏலே முனியராஜு

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாய், எனக்கே அடக்க முடியவில்லை. நடப்பது நான் இல்லை! கோட்டைச்சாமி அண்ணன்! பட்டை பெட்டிக்குள் சும்மா கிடக்கிறதே என்று அவர் கையில் கட்டிவிட்டேன். "அண்ணே, நீங்க கேட்டுக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடக்கிறது வீணாத்தானே போகுது, என் கணக்குல நடங்க" என்றேன். மனுசன் அதிலிருந்து உட்காருவதே இல்லை. காம்பவுண்டை வெளிப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருகிறார். சாயங்காலம் போனில் வருவதை நான் படித்துக் காட்ட வேண்டும். "தாயி, இன்னைக்கு நமக்கு சபாஷா?" என்று கேட்பார். அவருக்கு முட்டுவலி போய்விட்டதாம். சிரித்துவிட்டாயா? நானும் ஒரு மணி நேரமாகச் சிரிக்கிறேன், சித்தி ஒரு மாதிரி பார்க்கிறாள்.

சித்தி இப்போது சரியில்லை. சோற்றில் எதையோ கலக்கிறாள், எனக்கு எடை ஏறட்டும் என்று. நான் விவரமானவள். தட்டைப் படம் எடுத்துப் போனில் போட்டுவிட்டுச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவிடுகிறேன். கோழி நன்றாக ஊதிவிட்டது. கோழிக்கு ஒரு ஆப் போட வேண்டும்.

தூக்கம் எதற்கு? எனக்கு வேண்டியதில்லை. வேலை நிறைய இருக்கிறது.

இன்னொன்று. குரலைக் கடையில் அமர்த்திவிட்டேன். ஆனாலும் சபாஷ் கேட்கிறது. பஸ் ஹாரனில் கேட்கிறது. ஞானசுந்தரி இருமினால் அதிலும் கேட்கிறது. நல்ல விதமாகத்தான் சொல்கிறது, பயப்படாதே. நீ எப்படி என்னைப் பார்க்கிறாய் என்று மட்டும் தெரியவில்லை. ஓசூரில் உட்கார்ந்து பார்க்கிறாய். போன் பெட்டிக்குள் இருக்கும்போதும் பார்க்கிறாய். எப்படிலே அது? ஐந்து கிலோ என்றாய். நாலு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான். அது முடிந்ததும் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், என்னிடம் மறைக்கிறாய்.

செல்வலட்சுமி


ஓசூர்
5.9.2024

அக்கா,

உன் கடிதத்தை லைனில் நின்றுகொண்டே பிரித்தேன். கோட்டைச்சாமி அண்ணன் காம்பவுண்டைச் சுற்றுவதைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நடந்தது அவர் என்றால், எடை எப்படி உனக்குக் குறைந்தது?

மாத்திரையை எப்போது நிறுத்தினாய்?

ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு நாள் விடாமல் 'ஆம்'. ஒரு நாள் விடாமல் பச்சை இலை. 'ஆம்' என்று அமுக்க விரல் போதும், மாத்திரையை முழுங்க வேண்டியதில்லை என்று இந்த மரமண்டைக்கு இன்றைக்குத்தான் ஏறுகிறது. பசி போய்விட்டது என்று எழுதினாய். வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று எழுதினாய். நான் சபாஷ் போட்டேன். செக்கப்பைத் தள்ளிப்போடு என்று நானே சொன்னேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன்!

உன் காலில் விழுந்து கேட்கிறேன், நாளைக்கு வேலைக்குப் போகாதே. தூங்காத கையோடு அந்த ரூமுக்குள் உட்காராதே. உங்கள் போர்மேன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக நிற்கிறேன். போட்டால், "இப்படி ஒரு ஆளையா உள்ள விட்டோம்?" என்று உன் வேலை போகும். வேறு ஒரு கம்பெனியும் சேர்க்காது. வேலைக்குப் போன பிறகுதான் நீ மறுபடி மனுசியாக நடமாடினாய், அதை என் கையால் பறிக்க முடியவில்லை. போடாவிட்டால் உன் ரூமில் இருக்கிற மற்ற மூன்று பேர்?

சித்திக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் எதையும் கலக்கவில்லை அக்கா, அவளும் உன்னை நினைத்து அழுகிறாள். எங்களுக்கு லேபிள் இறக்க வந்த திருத்தங்கல் லாரி இப்போது ஊருக்குத் திரும்புகிறது. டிரைவர் மணிகண்டராஜ் நம்ம ஆமத்தூர் பையன். காலையில் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லி இதைக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு மாற்று ஆள் வந்ததும் பஸ் ஏறிவிடுவேன். நான் ஓசூரிலிருந்து உன்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. வெறும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனியராஜ்


ஆமத்தூர்
20.10.2024

அன்புள்ள தம்பி முனியராஜுக்கு,

ஆஸ்பத்திரியில் நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். அப்போது எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு நீ ஓசூர் போய்விட்டாய். போனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று காலை உன் லாரிக் கடிதம் வருவதற்கு முன்பே நான் கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். சித்தி கையைப் பிடித்தாள், உதறிவிட்டுப் போனேன். திங்கட்கிழமைவரை பொறுக்காமல் விடியற்காலையிலேயே எடை மெஷினில் ஏறியிருந்தேன்; கேட்டில் இறங்கியபோது போனில் பெரிதாக இலை வந்தது. 'சபாஷ் செல்வலட்சுமி! இலக்கை அடைந்துவிட்டீர்கள்' என்று போட்டிருந்தது. நீ வைத்த டார்கெட். போனை அண்ணனின் பெட்டிக்குள் போட்டேன், அவர் மூடியைச் சாத்தினார். மூடிய பிறகும் சபாஷ் கேட்டது. அதே தேன் குரல். ஆனால் அது இப்போது வேறு ஒன்றும் சொன்னது. உள்ளே போய், உரசினாலே பற்றிக்கொள்ளும் மணிமருந்துத் தட்டைத் தட்டிவிடு, லேசாகிவிடுவாய், அப்புறம் எடையே இருக்காது என்றது.

நல்ல யோசனை என்றுதான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் ஞானசுந்தரி என்னைத் தாண்டி உள்ளே போனாள். "ஏ, வாடி, நேரமாச்சு. ஒனக்கும் சேத்து இட்லி கொண்டாந்திருக்கேன், எலும்பாப் போயிட்டியே" என்றாள். அவள் எனக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்காருபவள். தட்டைத் தட்டினால் அவளும் போவாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, என்னை உள்ள விடாதீக" என்றேன்.

"ஏன் தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

"ஆமாண்ணே. மாத்திரைய விட்டுட்டேன். நான் உள்ள போனா தப்பா ஆயிரும். நான் கெஞ்சினாலும் விடாதீக."

என்ன மாத்திரை, எதற்கு மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. "அப்பச் சரி, அங்கன வேம்படியில ஒக்காரு. போர்மேன்கிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். நான் ரெண்டு தடவை எழுந்து உள்ளே போகப் பார்த்தேன், ரெண்டு தடவையும் குறுக்கே வந்து நின்றார். கடைசியில் சின்னப் பிள்ளையை அதட்டுவது போல அதட்டினார், "ஒக்காரு தாயி, நீ சொன்னதைத்தான் நான் செய்யுதேன்." சித்தி ஆட்டோவில் வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார். இன்றுவரை கம்பெனியில் எனக்குக் காய்ச்சல்தான். தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா சரி என்று எழுதித் தந்தால் மட்டும்தான் கேட்டுக்குள் கால் வைப்பேன், அதை நானே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

மாத்திரையை ஜூன் மாதமே நிறுத்திவிட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. அந்த லேசு எனக்குப் பிடித்திருந்தது. ரவிக்கை ஏறியது பிடித்திருந்தது. வெயில் சுட்டது பிடித்திருந்தது. இப்போது அதெல்லாம் போய்விட்டதே என்று அழுகிறேன். நீ அதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதே. உன்மேல் கோபமும் இருக்கிறது. போன் ஒரு மெஷின், அது சபாஷ் சொன்னது. நீ என் கூடப் பிறந்தவன், நீயும் அதையே சொன்னாய். இந்தக் கோபம் கொஞ்ச நாள் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "பசிக்குதுன்னு ஏம்மா எங்கிட்டச் சொல்லல? அதுக்கு வேற மாத்திரை இருக்கே" என்றார். மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதில் பசி அவ்வளவு இல்லை. ஆனால் உடம்பு தேறும்போது இழந்ததெல்லாம் முதலில் திரும்பி வரும், அப்புறம் பைய இறக்கலாம், பதறாதே என்றார். ஆப்பை எடுத்துவிடவா என்று நீ அங்கே வைத்துக் கேட்டாயே. வேண்டாம், இருக்கட்டும். சாப்பாட்டைப் படம் எடுக்கும்போது கொஞ்சம் அளவு தெரிகிறது, அது பொய் இல்லை. 'ஆம்' மட்டும் இனி சித்தி முன்னால் மாத்திரையை முழுங்கிவிட்டுத்தான் அமுக்குவேன். நீ வைத்த டார்கெட்டை அழித்துவிட்டேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. மெஷினில் ஏறி நிற்பேன். எடை ஏறித்தான் இருக்கும், இப்போதே இடுப்பில் தெரிகிறது. போனில் இலை வாடும், 'அடுத்த வாரம் முயலுங்கள்' என்று வரும். உன் போனிலும் அந்தக் கோடு மேலே போகும். பார்த்ததும் பதறி எனக்குப் புத்தி சொல்ல வராதே. அது ஏறினால் உன் அக்கா மாத்திரையை முழுங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு சபாஷ் சொல்லு. அந்தப் போனுக்கு அதைச் சொல்லத் தெரியாது, நீதான் சொல்லணும்லே.

அக்கா
செல்வலட்சுமி